பழவேற்காடு ஏரியில் பறவை பார்க்க: சென்னையிலிருந்து ஒரு நாள் போய் வர முழு வழிகாட்டி

பழவேற்காடு போய்விட்டு "பூநாரை (ஃபிளமிங்கோ) ஒன்றைக்கூடக் காணோம்" என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் காலை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாலத்தில் வண்டியை நிறுத்தி, பளபளவென்று கண்ணைக் கூசும் தண்ணீரைப் பத்து நிமிடம் பார்த்திருப்பார்கள். மீன் சாப்பாடு முடிந்ததும் கிளம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த ஏரிக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கும்? தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கும்? மாதம், நேரம், கரை எல்லாவற்றையும் இவை இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் ஏரியைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர்.

ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டா தீவு நீளமாகக் கிடக்கிறது. தெற்கே, பழவேற்காடு ஊருக்கு அருகில் உள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு குறைந்து ததும்பும் ஏரி, சித்திரையில் வற்றிச் சுருங்கி, சில இடங்களில் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் அடைபடும் ஆண்டுகளும் உண்டு. அப்போது மீனவர்களுக்குப் பெரும் சிரமம்.

அகலத்தைப் பார்த்து ஆழத்தை எடைபோடாதீர்கள். ஏரியின் பெரும்பகுதி ஆள் இடுப்பளவு தண்ணீர்தான், பல இடங்களில் அதுவும் இல்லை. இவ்வளவு பறவைகள் இங்கே வருவதற்கு இந்த ஆழமின்மையே காரணம். நீந்தத் தெரியாத, நின்று மேயும் பறவைக்குத் தன் கால் உயரத்துக்குள் தண்ணீர் வேண்டும். சேற்றில் புழுவும் சிப்பியும் கூனி இறாலும் ஏராளம். எட்டிப் பிடிக்கிற ஆழம் அமைந்துவிட்டால் பறவை அங்கே இறங்கிவிடும்.

எந்த மாதம் போகலாம்

உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சின்ன வலசைப் பறவைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். பூநாரைகள் அக்டோபர் வாக்கில் எட்டிப் பார்க்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏரி நிரம்பிக் கிடக்கும்போது பூநாரைகள் ஓரங்களைத் தேடிச் சிதறிப் போகும். நீங்கள் நிற்கும் கரைக்கு வராமலே போகலாம். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், கரையோரச் சாலைகள் சீக்கிரம் மூழ்கும்.

என்னைக் கேட்டால் பொங்கலுக்குப் பிறகு மார்ச் நடுப்பகுதி வரைதான் சிறந்த பருவம். மழை நின்று தண்ணீர் மெல்ல இறங்கும். புதிதாகத் தெரியும் சேற்றுத் திட்டுகளில் எல்லாக் கூட்டமும் வந்து சேரும். காலையில் லேசான குளிர் இருக்கும். மார்ச்சில் இன்னொரு லாபம்: ஊருக்குத் திரும்பும் முன் பல பறவைகள் இறகு மாற்றி இனப்பெருக்க வண்ணத்துக்கு வந்துவிடும். ஏப்ரலுக்குப் பிறகும் சில பூநாரைகள் தங்கும். ஆனால் அந்த வெயிலில் நிழலே இல்லாத கரையில் நிற்க நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

சனி, ஞாயிறு தவிர வேறு நாள் கிடைத்தால் நல்லது. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டவே வேண்டாம்.

என்ன எடுத்துப் போவது

பைனாகுலர் இல்லாமல் இந்த ஏரிக்குப் போவது வீண். வேடந்தாங்கலில் பறவை கண்ணுக்கு எதிரே மரத்தில் உட்கார்ந்திருக்கும். இங்கே அரை கிலோமீட்டர் தள்ளி வெள்ளைக் கோடாகத் தெரியும். 8x42 அளவுள்ளது (எட்டு மடங்கு பெருக்கும், முன் வில்லை 42 மில்லிமீட்டர்) போதும். பத்து மடங்கு பெருக்குவதை வாங்கினால் கடற்காற்றில் கை ஆடும் ஆட்டமும் பத்து மடங்காகும். குழுவில் யாரிடமாவது முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி இருந்தால் அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், விளிம்பு அகலமான தொப்பி, மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ முழுக்கைச் சட்டை, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய கேன்வாஸ் ஷூ. செருப்போடு போனால் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். கழிப்பறைக்குப் பொன்னேரியிலேயே போய்விட்டு வருவது நல்லது, குறிப்பாகப் பெண்கள் இருந்தால். செல்போனில் பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியை இறக்கி, இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எப்படிப் போவது

ரயிலில் போனால் சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில். பொன்னேரியில் இறங்கி, பேருந்து நிலையத்தில் பழவேற்காடு பஸ் பிடிக்க வேண்டும். பொன்னேரியிலிருந்து ஊர் இருபது கிலோமீட்டருக்குள்தான். ரயில் எண்ணூரைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்காருங்கள், உப்பங்கழியில் கொக்குகளும் நெடுங்கால் உள்ளான்களும் அங்கேயே கணக்கைத் தொடங்கி வைக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவாக ஓடும், முந்தின நாளே நேரம் பார்த்துவிடுங்கள்.

வண்டியில் போகிறவர்களுக்கு செங்குன்றம், காரனோடை வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போய், தச்சூர் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பிப் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு. ஜனவரியில் சூரியன் உதிப்பது ஆறரை மணி வாக்கில். அதற்கு முன் கரையில் நிற்க வேண்டுமென்றால் நகரத்திலிருந்து நாலரைக்காவது கிளம்ப வேண்டும். இன்னொரு வழி மீஞ்சூர், ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்க நேரிடும்.

ஊருக்குள் வந்ததும் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் போகலாம், அன்றைக்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா என்பதோடு, பறவைகள் இப்போது எந்தப் பக்கம் மேய்கின்றன என்பதும் அங்கே தெரியும். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

காலையில் கடல் பக்கம், மாலையில் மேற்குக் கரை

காலையில் சூரியன் கடல் மேலே இருக்கும். அப்போது ஏரியின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பூநாரையின் இளஞ்சிவப்பும் தெரியாது, உள்ளானின் கால் நிறமும் தெரியாது. அதனால் காலையில் ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் இருக்கும் கடலோரப் பக்கம் போய்விடுங்கள். அங்கே கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வெயில் உங்கள் தோள் வழியாக ஏரி மீது விழும். ஒவ்வொரு இறகும் துலக்கமாகத் தெரியும்.

பாலத்தில் முதலில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் ஊன்றியிருக்கும் வலைக்கம்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆலா, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் அவற்றின் மேல்தான் உட்காரும். மற்றவற்றைவிடப் பெரிதாக, கண்வழியே கறுப்புப் பட்டையோடு ஒன்று உட்கார்ந்திருந்தால் அது விராலடிப்பான். மீனைக் காலால் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி திருப்பித் தூக்கிக்கொண்டு பறக்கும்.

அப்புறம் கடற்கரைக்குப் போய் வடக்கு நோக்கி முகத்துவாரம் வரை நடக்கலாம். இந்த நாளின் நல்ல நடை இதுதான். மணலில் கால் புதையும், தார்ச்சாலைக் கணக்கைப் போட்டு நேரத்தை முடிவு செய்யாதீர்கள். அலை நனைத்த ஈர மணலின் விளிம்பில் நடந்தால் அலுப்பு குறைவு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். டிராக்டர் போன தடம் மாதிரி மணலில் ஏறி இறங்கிய சுவடு தெரிந்தால் ராத்திரி ஆமை வந்து போயிருக்கிறது. அந்த இடத்தைத் தோண்டவோ மிதிக்கவோ வேண்டாம். செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரிடலாம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

முகத்துவாரத்தில் கடலின் ஏற்றமும் வற்றமும்தான் நேரத்தை நிர்ணயிக்கும். சென்னைக்கான ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்து, வற்றம் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வரும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் சேற்றுத் திட்டுகள் வெளியே வந்து எல்லாம் பரபரப்பாக மேயும். ஏற்றத்தில் போனாலும் மோசமில்லை. மேய இடமில்லாமல் கடற்காக்கைகளும் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் ஒரே மணல் திட்டில் நெருக்கியடித்து நிற்கும், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் நீரோட்டம் இழுக்கும்.

ஒன்பதரை, பத்து மணிக்குமேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். தூரத்துப் பறவை நெளிந்து தெரியும், எவ்வளவு நல்ல பைனாகுலரும் அப்போது உதவாது. ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

மாலை மூன்றரைக்கு மேல் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள அண்ணாமலைச்சேரி. இப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பூநாரைக் கூட்டம் அந்தப் பக்கம் இறங்கியிருந்தால் இந்த வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. அங்கே போய்வரச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். ரயிலில் வந்தவர்கள் காலை நடையோடும் ஊரைச் சுற்றிப் பார்ப்பதோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது, அதுவே ஒரு நாளுக்குப் போதும்.

படகு ஆசை வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. கரையில் யாராவது "வாங்க சார், பூநாரை கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். இன்ஜின் சத்தம் கேட்டாலே கூட்டம் எழுந்து இன்னும் தொலைவுக்குப் போய்விடும் என்பதால் பறவை பார்ப்பவருக்கு அதில் லாபமும் இல்லை.

பறவைகளை எப்படிப் பிரித்தறிவது

பறவை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். புதியவர்களுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆழமான பக்கத்தில் மிதப்பவை கூழைக்கடாவும் வாத்துகளும். கூழைக்கடா பெரியது, சாம்பல் வெள்ளை, அலகின் அடியில் பை. வாத்துகளில் கழுத்து மெலிந்து வால் கூராக நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. அலகு கரண்டி போலத் தட்டையாக அகன்றிருந்தால் தட்டைவாயன்.

அதற்கு அடுத்த ஆழத்தில் பூநாரைகள். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே மேயும். அலகுக்குள் இருக்கும் சல்லடைத் தகடுகளில் சின்னஞ்சிறு கூனிகளும் பாசியும் தங்க, தண்ணீர் வெளியேறும். அந்தத் தீனியில் உள்ள நிறமிதான் இறகின் சிவப்புக்குக் காரணம். குஞ்சாக இருந்து இரண்டு மூன்று வயது வரை மங்கிய சாம்பல் பழுப்பில்தான் இருக்கும். கூட்டத்தில் அழுக்காகத் தெரிபவற்றை வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். கூடு கட்டி முட்டையிட இவை குஜராத்தின் கட்ச் ரண் பக்கம் போகின்றன, இங்கே வருவது சாப்பாட்டுக்காக.

இளஞ்சிவப்பு தெரிந்தவுடன் பூநாரை என்று குதிக்கவும் வேண்டாம். மஞ்சள் மூக்கு நாரைக்கும் வால் பக்கத்தில் இளஞ்சிவப்பு இறகு உண்டு. அலகைப் பாருங்கள். நீண்டு, மஞ்சளாக, நுனி லேசாகக் கீழே வளைந்திருந்தால் நாரை. பாதியில் மடங்கி நுனி கறுப்பாக இருந்தால் பூநாரை. நாரை மேய்வதும் வேறு மாதிரி. வாயைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே நடக்கும், மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடும். அதற்குக் கண் தேவையில்லை, கலங்கிய தண்ணீரிலும் பிடித்துவிடும்.

முழங்கால் அளவுக்குக் கீழே வந்தால் நெடுங்கால் உள்ளான், கருவால் மூக்கன், சின்ன வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை. இன்னும் ஓரத்துக்கு வந்து வெறும் ஈரச் சேற்றைப் பார்த்தால்தான் உண்மையான தலைவலி தொடங்கும். எல்லாம் பழுப்பு, எல்லாம் சின்னது. இங்கே நிறத்தைவிட நடத்தையைப் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, பார்த்து, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. அது கண்ணால் இரை தேடுகிறது. நிற்காமல் தையல் மெஷின் ஊசியைப் போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை, அது அலகு நுனியால் தடவித் தேடுகிறது. கால் ஆரஞ்சுச் சிவப்பாக இருந்து, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் பவளக்காலி. எல்லோருக்கும் முன்னால் கத்தி ஊரைக் கூட்டுவது அதுதான். அலகு நீளமாகக் கீழே வளைந்த பெரிய பழுப்புப் பறவை கோட்டான் (ஆந்தை அல்ல, ஆங்கிலத்தில் கர்லூ). ஆழத்தில் புதைந்திருக்கும் புழுவையும் நண்டையும் உருவி எடுப்பதற்கு அந்த வளைந்த அலகு.

கடற்காக்கைகளில் பழுப்புத் தலை கடற்காக்கையைத் தேடிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் குழம்புவார்கள். குளிர்காலத்தில் அதன் தலை பழுப்பாக இருக்காது, வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். மார்ச்சில்தான் பழுப்பு முக்காடு வரும். ஆலாக்கள் அவற்றைவிட மெலிந்தவை, இறக்கை கூர்மையானது. மற்ற ஆலாக்களைவிடப் பெரிதாக, தடித்த சிவப்பு அலகோடு ஒன்று தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தபடியே பறந்தால் காஸ்பியன் ஆலா.

பனைமரங்களையும் சீமைக்கருவேலப் புதர்களையும் விட்டுவிடாதீர்கள். பனை உழவாரன், பனங்காடை, பஞ்சுருட்டான் மூன்றும் சாலையோரத்திலேயே கிடைக்கும். மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு மேலே செம்பருந்து வட்டமிடும்.

எவ்வளவு கிட்டப் போகலாம்

தூரத்தை மீட்டரில் சொல்ல முடியாது, பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் தலையைத் தூக்கினால் நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள், பின்னால் வாருங்கள். பறக்கும்போதுதான் இறக்கையின் சிவப்பும் கறுப்பும் தெரியும் என்று கைதட்டி, கல் எறிந்து கிளப்பிவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். படம் என்னவோ நன்றாக வரும். பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பில் கொழுப்பு சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் ஒரு வேளைச் சாப்பாட்டை இழப்பதற்குச் சமம். நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அரை மணியில் அவையே மேய்ந்தபடி உங்கள் பக்கம் வருவதும் உண்டு.

சேற்றுக்குள் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் முழங்கால்வரை புதையும். வலை, கயிறு, கம்பு எதையும் தாண்டாதீர்கள், தொடாதீர்கள். எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற முறையில் மீனவ ஊர்கள் தலைமுறைகளாகத் தங்களுக்குள் பகிர்ந்து வருகின்றன. உங்களுக்கு வெறும் தண்ணீராகத் தெரிவது ஒருவருடைய அன்றைய பாடு. தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மாறாக, பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த ஓரத்தில் தண்ணீர் வற்றியிருக்கிறது, பூநாரை நேற்று எங்கே நின்றது என்ற தகவல் எந்தச் செயலியிலும் வராது.

மதிய இடைவேளை

ஊருக்குள் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம் இருக்கிறது. அகழியும் புதர் மூடிய மேடும்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் வணிகத்துக்கு இதுதான் தலைமையிடம். தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறையை மட்டும் தவறவிடாதீர்கள். வாயிலில் எலும்புக்கூடு உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பனையோலைக் கூடைகள் முடையும் பெண்கள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக் பைக்குப் பதில் ஒன்று வாங்கலாம். மீன் குழம்புச் சாப்பாடு, நண்டு, இறால் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஏரியை வேறு பக்கம் பார்க்க விரும்பினால் அடுத்த முறை ரயிலில் சூலூர்பேட்டை வரை போங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே கிழக்கு மேற்காக ஓடுகிறது, இருபுறமும் தண்ணீர். பூநாரைகள் சாலைக்கு வெகு அருகில் வரும் ஆண்டுகளில் பழவேற்காட்டைவிட அங்கே நன்றாகப் பார்க்கலாம். விண்வெளி மையத்தின் வாயிலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம். பக்கத்தில் உள்ள நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டும்.

எண்ணி எழுதி வைப்பது

பார்த்ததை அன்றே பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவுத் துண்டு கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள். மிகப் பெரிய கூட்டமானால் பத்துக்குப் பதில் நூறு. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டு அப்புறம் ஒப்பிட்டால் தவறு குறையும். வெறுமனே "நிறைய" என்று எழுதுவதைவிடத் தோராயமான ஓர் எண் எவ்வளவோ மேல். அடையாளம் உறுதியாகத் தெரியாத உள்ளானை "உள்ளான் வகை" என்றே பதிவு செய்யலாம், செயலியில் அதற்கும் இடம் இருக்கிறது.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற குழுக்களோடு முதல் தடவை போய் வாருங்கள். ஸ்கோப் வைத்திருப்பவர்கள் அங்கே இருப்பார்கள், முறை வைத்துப் பார்க்கவும் விடுவார்கள்.